நாற்பதாவது கிலோமீட்டரில் ஒரு கட்டடக்கலைக் கல்லூரி

பெருமதிப்பிற்குரிய கல்வித் தந்தை ஐயா அவர்களுக்கு,

நம் கல்லூரியின் பத்தாம் ஆண்டு நிறைவு மலருக்கு ‘கட்டடக்கலைக் கல்வியின் எதிர்காலம்’ என்ற தலைப்பில் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் கட்டுரை வேண்டும் என்று உங்கள் அலுவலகத்தில் இருந்து கேட்டார்கள். கொஞ்சம் மிகுந்துவிட்டது. உங்கள் படங்கள் போக மலரில் இடம் மிச்சமிருந்தால் போடுங்கள்.

எதிர்காலம் என்றால் ஜோசியர்கூட முதலில் பிறந்த இடத்தைத்தான் கேட்பார். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நம் கல்லூரி பிறந்த இடம், நெடுஞ்சாலையில் நாற்பதாவது கிலோமீட்டர். சுங்கச்சாவடியைத் தாண்டி, பிரியாணிக் கடையைத் தாண்டி, ‘டி.டி.சி.பி. அப்ரூவ்டு’ மனைக்கற்களைத் தாண்டி, உங்கள் தாயார் பெயர் எழுதிய வளைவுக்குள் நுழைய வேண்டும். இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “நல்ல காற்றோட்டமான இடம்” என்றீர்கள். உண்மைதான். ஏரிக்கரைக்குக் கீழே காற்று எப்போதும் நன்றாகத்தான் வரும்.

கல்லூரி பிறந்த நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் பிரிவில் ஆள் சேராமல் மூன்றாவது மாடி காலியானது ஒரு ஜூன் மாதத்தில். சும்மா கிடக்கும் மாடிக்கு மின்கட்டணம் எதற்கு என்று கணக்குப் பிள்ளை கவலைப்பட்டார். அடுத்த ஆண்டு அங்கே கட்டடக்கலைக் கல்லூரி உதயமானது. லேத் மெஷினை இறக்கிவிட்டு டிராயிங் மேசைகளை ஏற்றினீர்கள். ஆனால் லேத்துக்குப் போட்ட மேற்குப் பக்கக் கண்ணாடிச் சுவரை அப்படியே விட்டுவிட்டீர்கள். நம் பிள்ளைகள் மாலை மூன்று மணி வெயிலில், கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டிக்கொண்டு, ‘தட்பவெப்பத்துக்கு ஏற்ற கட்டட வடிவமைப்பு’ என்ற பாடத்தைப் படிக்கிறார்கள். இதைவிடச் சிறந்த செய்முறைப் பயிற்சி உலகத்தில் எங்கும் கிடைக்காது.

ஒரு கட்டடக்கலைப் பள்ளிக்கு இடம் என்பது முகவரி மட்டும் அல்ல, பாடத்தில் பாதி. அகமதாபாத்தைப் பாருங்கள். 1962-இல் பாலகிருஷ்ண தோஷி அங்கே கட்டடக்கலைப் பள்ளியைத் தொடங்கியபோது, அவருடைய குரு லெ கார்பூசியே அந்த ஊரில் கட்டி முடித்திருந்த ஆலை அதிபர் சங்கக் கட்டடமும் சன்ஸ்கார் கேந்திராவும் நின்றுகொண்டிருந்தன. அதே ஆண்டில் லூயி கான் ஐ.ஐ.எம். வளாகத்துக்குக் கோடு போட ஆரம்பித்தார். மறுபக்கம் பழைய நகரத்தின் ‘போல்’ சந்துகள், மரத்தூண் வீடுகள். மாணவன் காலையில் செங்கல்லும் கான்கிரீட்டும் பார்ப்பான். மாலையில் பல நூறு வருடத்துச் சந்துக்குள் நடப்பான். ஊரே அவனுக்கு இரண்டாவது ஆசிரியர். பள்ளியைத் தொடங்கிய தோஷிக்கு 2018-இல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது.

நம் ஊரில் கிண்டிக் கட்டடக்கலைப் பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1957-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஒரு துறையாகத் தொடங்கியது, பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தின் பள்ளியானது. ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் திருவல்லிக்கேணித் தெருக்கள், சேப்பாக்கம் அரண்மனை, செனட் ஹவுஸ், உயர்நீதிமன்றம். டேப்பைப் பிடித்து அளக்கலாம், காவலாளியிடம் திட்டு வாங்கலாம், மறுபடியும் அளக்கலாம். அதே 1957-இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிப் பள்ளியைத் திறந்தது. அந்த ஊரில் பாடவேளை முடிந்தாலும் உளிச்சத்தம் முடியாது.

நம் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது? வலப்பக்கம் டயர் பஞ்சர் கடை. இடப்பக்கம் உங்கள் தம்பியின் பெட்ரோல் பங்க். ஊர் என்பது அவர்களுக்குக் கல்லூரிப் பேருந்தின் ஜன்னலில் ஓடும் படம். காலையில் ஒன்றரை மணி நேரம், மாலையில் ஒன்றரை மணி நேரம். ஐந்து வருடம் நகரத்தைப் பின்னோக்கி ஓடுகிற ஒன்றாகவே பார்த்தவன், பட்டம் வாங்கியதும் அதே நகரத்தை வடிவமைக்க வருகிறான். நடைபாதை எங்கே என்று அவனைக் கேட்டு என்ன பயன்? அவன் நடந்ததே இல்லையே!

அவசரப்பட்டு என்மேல் கோபப்படாதீர்கள். தூரம் குற்றம் என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் நியூபெர்ன் என்று ஓர் ஊர் இருக்கிறது. மொத்த மக்கள்தொகை இருநூறைத் தொடாது. ஆபர்ன் பல்கலைக்கழகம் 1993-இல் தன் மாணவர்களை அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்கியது. சாமுவேல் மாக்பீ என்ற ஆசிரியர் முன்னால் நின்றார். ‘ரூரல் ஸ்டூடியோ’ என்று பெயர். மாநிலத்திலேயே ஏழ்மையான வட்டாரங்களில் ஒன்று அது. ஒழுகும் கூரைக்குக் கீழே இருந்த குடும்பங்களுக்கு மாணவர்கள் வீடு வரைந்தார்கள், பிறகு தங்கள் கையாலேயே கட்டினார்கள். அந்தச் சிற்றூருக்குத் தீயணைப்பு நிலையம், ஊர் மன்றம், நூலகம் எல்லாம் வந்தன. மாணவன் தன் தப்பைத் தானே தினமும் சந்தித்தான், ஏனென்றால் அவன் வரைந்த ஜன்னல் வழியாக மழைச்சாரல் அடித்தால் அந்த வீட்டுப் பாட்டி அவனைத்தான் கூப்பிடுவாள்.

ஆக, பட்டணத்தில் இல்லை என்பது குறையே இல்லை. ஊருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு ஊருக்கு முதுகைக் காட்டுவதுதான் அயோக்கியத்தனம். நம் கல்லூரி முதலில் கட்டியது என்ன? வகுப்பறை இல்லை, எட்டடி உயரத்துக்குச் சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கிறது, ஐயா. திண்ணை வைத்த வீடுகள் இன்னும் இருபது இருக்கும். முற்றத்தில் விழுகிற மழையை எப்படி வெளியே கொண்டுபோவது என்று தெரிந்த கிழவர்கள் இருக்கிறார்கள். மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த கடைசிக் கொத்தனார் டீக்கடை பெஞ்சில் பீடி குடித்துக்கொண்டு இருக்கிறார். நம் பிள்ளைகளோ பழைய வீடு எப்படி இருக்கும் என்று பார்க்க, தலைக்கு எட்டாயிரம் ரூபாய் கட்டிக்கொண்டு, ஏ.சி. பஸ் ஏறிக் காரைக்குடிக்குப் போகிறார்கள். ஆத்தங்குடிக் கல்லில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்த எட்டாயிரத்திலும் உங்களுக்கு ஆயிரம் போகிறது என்று டிரைவர் சொன்னார். நான் நம்பவில்லை. இரண்டாயிரமாவது இருக்கும்.

அடுத்து அளவு. ‘சிறுகக் கட்டிப் பெருக வாழ்’ என்று நம் பாட்டிகள் சொன்னார்கள். நீங்கள் முதல் வருடம் நாற்பது இடம் வாங்கினீர்கள், மூன்றாம் வருடம் எண்பது ஆக்கினீர்கள். நூற்றிருபதுக்கு விண்ணப்பம் தயாராக இருக்கிறது என்று கேள்வி.

இந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். 1972-இல் நாடாளுமன்றம் கட்டடக்கலைஞர் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் அமைந்த கவுன்சில் 1983-இல் குறைந்தபட்சத் தரம் என்று விதி வகுத்தது. ஒரு வகுப்பில் நாற்பது பேருக்கு மேல் கூடாது, எட்டு மாணவருக்கு ஓர் ஆசிரியர். 2020-இல் அதைப் பத்துக்கு ஒருவர் என்று தளர்த்தினார்கள். ஏன் இப்படி ஒரு விகிதம்? கட்டடக்கலையைக் கரும்பலகையில் எழுதிப்போட்டுக் கற்றுத்தர முடியாது. மாணவனின் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் போட்ட கோட்டின்மேல் டிரேசிங் தாளை விரித்து, “இந்தப் படியில் உன் பாட்டி ஏறுவாளா?” என்று கேட்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்டூடியோ ஒரு மதியம் நான்கு மணி நேரம், அதாவது 240 நிமிடம். எட்டுப் பேருக்கு ஓர் ஆசிரியர் என்றால் ஒவ்வொருவருக்கும் அரை மணி. நம் கல்லூரியில் எண்பது பேருக்கு மூன்று பேர். தலைக்கு ஒன்பது நிமிடம். அதில் ஷீட்டைச் சுருளில் இருந்து பிரிக்க இரண்டு நிமிடம், அட்டெண்டன்ஸ் தகராறு இரண்டு நிமிடம், “போன வாரம் என்ன சொன்னேன்?” என்று நான் அவனையே கேட்டு நினைவுபடுத்திக்கொள்ள ஒரு நிமிடம். மிச்சம் நான்கு. ரேஷன் கடையில்கூட பாமாயிலுக்கு இதைவிட அதிக நேரம் நிற்க வைப்பார்கள்.

சிறுகக் கட்டிய பள்ளி ஒன்றைச் சொல்கிறேன். உலகத்தின் நாற்காலியையும் விளக்கையும் எழுத்துருவையும் மாற்றிப்போட்ட ஜெர்மனியின் பௌஹவுஸ் பள்ளி 1919 முதல் 1933 வரை பதினான்கே வருடம் உயிரோடு இருந்தது. வைமாரில் இருந்து விரட்டப்பட்டு டெஸ்ஸாவுக்கு, அங்கிருந்து விரட்டப்பட்டு பெர்லினுக்கு, கடைசியில் நாஜிகளின் நெருக்குதலில் மூடினார்கள். மொத்தக் காலத்திலும் அங்கே படித்தவர்கள் சுமார் 1,250 பேர். நூற்றிருபது கிடைத்துவிட்டால் பதினோரு வருடத்தில் நீங்கள் அதைத் தாண்டிவிடுவீர்கள். ஆனால் அவர்கள் மூன்று ஊருக்கு இடம் மாறியும் பள்ளியாகவே இருந்தார்கள். நாம் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தும் பள்ளியாகவில்லை.

விகிதத்துக்கு வருகிறேன். எண்பது பேர், ஐந்து வருடம், நானூறு மாணவர்கள். பத்துக்கு ஒருவர் என்றாலும் நாற்பது ஆசிரியர் வேண்டும். மூச்சு விடுகிறவர்கள் பதினான்கு பேர். மிச்சம் இருபத்தாறு பேர் உங்கள் இரும்பு அலமாரியில் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் உறைக்குள், அசல் சான்றிதழ் நகலோடு, மாதச் சம்பளப் பட்டியலோடு, இன்ஸ்பெக்ஷன் அன்று மட்டும் உயிர்த்தெழுவார்கள். அன்று கேன்டீனில் மட்டன் பிரியாணி. நூலகத்துக்குப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் இருந்து புத்தகம் வரும். அவர்கள் முத்திரையின்மேல் நம் முத்திரை. மாடல்கூட வாடகைக்கு வந்தது ஒரு வருடம். அதில் ஒன்று நான் வேறொரு கல்லூரியில் மதிப்பெண் போட்ட மாடல். போன முறை நாற்பத்தெட்டு போட்டிருந்தேன். இந்த முறை ‘சிறந்த மாணவர் படைப்பு’ என்று அட்டை வைத்திருந்தார்கள்.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. மூச்சு விடும் அந்தப் பதினான்கில் ஒருவன் இன்னொரு கல்லூரிக் கோப்பிலும் முழுநேரப் பேராசிரியராக இருக்கிறான். அவன் பெயரும் என் பெயரும் ஒன்று. பிறந்த தேதியும் ஒன்று. 2024-இல் அறப்போர் இயக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரியில் முழுநேர ஆசிரியர்களாகக் காட்டப்பட்டிருக்கிறார்கள் என்று பட்டியலோடு வெளியிட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் பட்டியலில் என் பெயரைத் தேடினேன். இல்லை. அது பொறியியல் பட்டியல். நிம்மதியாகக் காபி குடித்தேன். அந்தக் காபியின் கசப்புதான் இந்தக் கடிதம்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வருடம். பெயர் வேண்டாம், நீங்கள் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைப்பீர்கள். ‘சைட் அனாலிசிஸ்’ பயிற்சிக்கு எல்லாரும் இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு மனையை எடுத்தார்கள். அவள் நம் கல்லூரியையே எடுத்தாள். சுற்றுச்சுவரைத் தாண்டி ஊருக்குள் போனாள். டீக்கடைக் கொத்தனார் அவளை நீர்க்கட்டிக் கிழவரிடம் அனுப்பியிருக்கிறார். ஏரி மதகைத் திறந்து அடைக்கிற பரம்பரை. “உங்க காலேஜா? அது வாய்க்கா மேல இல்ல உக்காந்திருக்கு, கண்ணு” என்றாராம். புல வரைபடத்தை வாங்கிப் பார்த்தாள். கலங்கலில் இருந்து உபரிநீர் இறங்கும் வாய்க்கால் இரண்டு கோடுகளாகத் தெளிவாக இருந்தது. நம் மெயின் பிளாக்கின் வரைபடத்தை அதே அளவுகோலில் டிரேசிங் தாளில் போட்டு அதன்மேல் வைத்தாள். நீல நிறத்தில் ஓர் அம்புக்குறி. அது ஏரியில் புறப்பட்டு, பார்க்கிங் வழியாக வந்து, அலுவலக அறையைக் குறுக்கே வெட்டி, உங்கள் தாயார் சிலைக்குக் கீழே வெளியே போனது.

பத்து வருடத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த ஷீட் அது. ஜூரியில் மூன்று பேர் இருந்தோம். எச்.ஓ.டி. எட்டிப் பார்த்தார். “இதெல்லாம் எதுக்கும்மா? காத்து, வெயில், மரம் போதும். இந்த ஷீட்டை எடுத்துடு” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய எழுத்தின் அளவு சீராக இல்லை என்று சொன்னேன்.

ஆமாம், அதைத்தான் சொன்னேன்.

இது எந்த மண் என்று நினைவிருக்கிறதா, ஐயா? ஏரி மாவட்டம் என்று பெயர் வாங்கிய செங்கல்பட்டுச் சீமை. இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம், உத்திரமேரூர். ஆயிரத்து நூறு வருடத்துக்கு முன்னால் முதலாம் பராந்தகன் காலத்தில் கோயில் சுவரில் கல்வெட்டு வெட்டினார்கள். ஏரியைக் கவனிக்கத் தனியாக ஏரி வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி குடத்தில் ஓலை போட முடியாது. அவன் மட்டுமில்லை, அவன் உறவுக்காரனும் கூடாது. அந்த விதிப்படி உங்கள் குடும்பத்தில் ஒருவர்கூடத் தேற மாட்டீர்கள். நாம் முன்னேறிவிட்டோம். அப்போது ஏரி வாரியம் இருந்தது. இப்போது ஏரிக்குக் கீழே கல்லூரி வாரியம் இருக்கிறது.

2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது தொலைக்காட்சியில் எல்லாரும் “நூறு வருடத்தில் காணாத மழை” என்றார்கள். மழைமேல் பழி போடுவது வசதி. அது வக்கீல் வைத்துக்கொள்ளாது. அதற்கு முந்தைய வருடம், 2014 ஜூன் 28 அன்று, மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் அப்படியே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். மண்ணைப் பற்றி எவனோ ஒருவனுக்குத் தெரிந்திருக்கும். எவனோ ஒருவனிடம் “இந்த ஷீட்டை எடுத்துடு” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவன் எடுத்திருப்பான். எடுக்கக் கற்றுக்கொடுக்கிற இடத்துக்குத்தான் நாம் கல்லூரி என்று பெயர் வைத்திருக்கிறோம். உங்கள் பத்தாண்டுச் சாதனை இதுதான், ஐயா. கட்டத் தெரியாதவனை அனுப்பியிருந்தால்கூடப் பரவாயில்லை, ஒரு மேஸ்திரி அவனைத் திருத்திவிடுவார். வாயை மூடத் தெரிந்தவனை அனுப்புகிறீர்கள். அவனை எந்த ரசமட்டம் வைத்துத் திருத்துவது?

இப்போது எதிர்காலம். கட்டடக்கலைக் கல்லூரிகள் நாட்டில் நானூறைத் தாண்டின. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவு செய்யாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்ற பட்டப்பெயரைத்தான் போட்டுக்கொள்ளக் கூடாது, கட்டடம் வடிவமைக்கும் வேலையைச் செய்யச் சட்டம் தடுக்கவில்லை. ஆக, பெற்றோர் ஐந்து வருடம் நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் பெயருக்கு முன்னால் ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல்லுக்கு மதிப்பைத் தரக்கூடியது அவன் படித்த படிப்பு ஒன்றுதான். அதையும் ஒன்பது நிமிடமாக நறுக்கிவிட்டோம். பெற்றோருக்கும் கணக்குத் தெரியும். இந்த வருடம் எண்பது இடத்துக்குப் பதினொரு பேர் சேர்ந்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் பேருந்துக் கட்டணம் கேட்டதும் யோசிப்பதாகச் சொல்லிப் போனார்கள்.

நீங்கள் கவலைப்பட மாட்டீர்கள், எனக்குத் தெரியும். கல்லூரி போனாலும் நிலம் போகாது. பத்து வருடம் முன்பு ஏக்கர் கணக்கில் வாங்கியது இப்போது சதுர அடிக் கணக்கில் போகிறது. இடம்தான் கல்லூரியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் என்று நான் தோஷியையும் மாக்பீயையும் வைத்துக்கொண்டு நாலு பக்கம் எழுதினேன். நீங்கள் அதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஒரே கையெழுத்தில் நிரூபித்திருக்கிறீர்கள். மெக்கானிக்கல் போய் ஆர்க்கிடெக்சர் வந்த மூன்றாவது மாடியில் நாளை செயற்கை நுண்ணறிவு வரும். அதுவும் போனால் கல்யாண மண்டபம். அதுவும் போனால் மனைக்கற்கள், ‘காலேஜ் நகர்’ என்று பெயர்ப்பலகை. மேற்குக் கண்ணாடிக்குப் பின்னால் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

இன்றும் செய்ய ஒன்று இருக்கிறது. நாற்பதுக்கு இறங்குங்கள். மூச்சு விடுகிற ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். சுற்றுச்சுவரில் ஊர்ப்பக்கம் ஒரு வாசலை உடையுங்கள். பீடிக் கொத்தனாருக்கும் நீர்க்கட்டிக் கிழவருக்கும் ஸ்டூடியோவில் ஒரு ஸ்டூல் போடுங்கள். பிள்ளைகளை வாய்க்காலைத் தேடவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்திலும் ஒரு பள்ளி பிறக்கும். இதை நீங்கள் செய்ய மாட்டீர்கள். செய்யக்கூடியது என்று மலரில் பதிவாகட்டும்.

என் ராஜினாமாக் கடிதம் இதோடு இருக்கிறது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அலமாரியில் இருக்கும் என் சான்றிதழ் நகல்களைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அதற்குக் கொஞ்ச நாள் ஆகும் என்றால், கீழ்த்தட்டில் இருந்து எடுத்து மேல்தட்டில் வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி பிறக்கப் போகிறது. அந்தப் பெண் போட்ட அம்புக்குறி அந்த அலமாரி வழியாகத்தான் போகிறது.

இப்படிக்கு,
தங்கள் கோப்பில் உள்ள முழுநேரப் பேராசிரியர்